புதுக் குட்டை: தண்ணி தெளியவே இல்லை, கிழக்குக் கரையும் சரியுது

அணைக்கட்டு_கழனி

எல்லாருக்கும் வணக்கம். அணைக்கட்டு ஊர் பக்கம் செம்மண் கொல்லையில் மாசி மாசம் இட்டாச்சி விட்டுக் குட்டை வெட்டினோம். மேல் விளிம்பு 30×30 மீட்டர், அடி 26×26, ஆழம் 2 மீட்டர். சரிவு ஒன்றுக்கு ஒன்று. வெட்டின மண் முழுக்க விளிம்பிலேயே கரையாகக் கிடக்கு. கோடை மழையில் ஒன்றரை மீட்டர் தண்ணி நின்றது. தண்ணி மட்டத்தில் அளந்தால் 29×29 இருக்கு.

இப்போ ஆனி கடைசி. தண்ணி பால் விட்ட டீ மாதிரியே இருக்கு, உள்ளே கையை விட்டால் மணிக்கட்டு தெரியல. கிழக்குக் கரை அடியில் அரிச்சு மேல் மண் பாளம் பாளமா விழுது. மேற்கு மூலையில் ரெண்டு ஏக்கர் மழைத்தண்ணி வந்து விழற இடத்தில் ஓடை மாதிரி வெட்டிடுச்சு. மழை முடிஞ்சதும் மீன் விடணும். ஒரு மூட்டை படிகாரம் கொட்டினா போதும்ங்கறாங்க. சரியா? எவ்வளவு?

பொன்னைக்கரை

இப்போ கொட்டாதீங்க சார். கரை மண் விழுந்துட்டே இருக்கும்போது தண்ணியைத் தெளிய வெச்சா அடுத்த மழைக்கே பழைய கதைதான். முதல்ல கரை, அப்புறம் தண்ணி.

அதுக்கு முன்னாடி செலவில்லாத ரெண்டு சோதனை செஞ்சிடுங்க. நடுக்குட்டைத் தண்ணியை ஒரு லிட்டர் பாட்டிலில் பிடிச்சு அசையாம வையுங்க. ரெண்டு நாளில் தெளிஞ்சா அது வெறும் வண்டல், மண் வரத்தை நிறுத்தினாலே குட்டை தானா தெளியும். ஒரு வாரம் ஆகியும் கலங்கலா நின்னா அது நுண்களி. அந்தத் துகள் எல்லாத்துக்கும் ஒரே மின்னூட்டம். ஒண்ணை ஒண்ணு தள்ளிக்கிட்டே இருக்கும், சேர்ந்து கனமாகாது, அதனால் மாசக்கணக்கானாலும் உட்காராது.

ரெண்டாவது, கரை மண்ணில் காய்ஞ்ச கட்டி ஒண்ணு, பட்டாணி அளவு, கண்ணாடி டம்ளரில் மழைத்தண்ணி ஊத்தி மெதுவா உள்ளே விடுங்க. கலக்கக் கூடாது. போர் தண்ணியும் வேண்டாம், அதில் இருக்கிற உப்பு சோதனையைக் கெடுத்துடும். கட்டி பொலபொலன்னு உதிர்ந்து தண்ணி தெளிவா நின்னா பயமில்லை. கட்டியைச் சுத்திப் புகை மாதிரி கலங்கல் பரவினா அது சோடியம் ஏறின மண். அதுதான் கரையையும் கரைக்குது, தண்ணியையும் கலக்குது. வெட்டுக்கு அடியில் இருந்து வந்த மண், பழைய மேல்மண், ரெண்டையும் தனித்தனியா பாருங்க.

ஆரணி_மண்

கரை விஷயத்தை நான் சொல்கிறேன். மணல் கலந்த செம்மண்ணுக்கு ஒன்றுக்கு ஒன்று சரிவு நிற்கவே நிற்காது. ஒரு மீட்டர் இறக்கத்துக்கு இரண்டு மீட்டர் படுக்கை வேண்டும். உங்கள் குட்டையில் அடியைத் தொடாமல் மேல் விளிம்பை நாலு பக்கமும் 2 மீட்டர் பின்னுக்கு இழுத்தால் அந்தச் சரிவு கிடைக்கும். விளிம்பு 34×34 ஆகும். கொட்டிய மண்ணை அதற்கும் வெளியே ஒரு மீட்டர் தள்ளிப் போடுங்கள். விளிம்பிலேயே மண் குவித்தால் அதன் பாரமே சரிவைத் தள்ளும், பெய்கிற மழை அத்தனையும் அந்த மண்ணைக் குட்டைக்குள் கொண்டுவரும். தள்ளிப் போட்ட கரையின் மேல்தளம் வெளிப்பக்கமாகச் சாய்ந்திருக்கட்டும்.

கிழக்குக் கரை மட்டும் அரிப்பதற்குக் காரணம் காற்று. ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து அடிக்கிற காற்று அலையைக் கொண்டுபோய் அங்கேதான் மோதுகிறது. நம் பழைய ஏரிக்கரைகளின் உள்சரிவில் கல் பதித்திருப்பதும் அலைக்காகத்தான். உங்களுக்குக் கரை முழுக்க வேண்டாம். கிழக்கில் மட்டும், தண்ணீர் மட்டத்துக்கு 30 செ.மீ. கீழிருந்து 30 செ.மீ. மேல் வரை ஒரு பட்டை போதும். 20 செ.மீ. கனத்துக்குச் சுமார் மூன்று யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி) கல் பிடிக்கும். கல்லுக்கு அடியில் 10 செ.மீ. கனத்துக்கு ஒன்றரை இன்ச் ஜல்லியும் கிராவலும் கலந்து பரப்புங்கள். இதை விட்டுவிட்டுப் பலரும் கல்லை நேராக மண்ணில் வைக்கிறார்கள். அலை பின்வாங்கும்போது இடுக்கு வழியாக மண்ணை உறிஞ்சி எடுத்துவிடும், இரண்டு மழைக்காலத்தில் கல் உள்ளே இறங்கிவிடும். முதல் வரிசைக் கல் 30 செ.மீ. பள்ளத்தில் ஊன்றி நிற்க வேண்டும்.

கல்லுக்கு மேலே வெட்டிவேர். 15 செ.மீ.க்கு ஒரு தூர் என்று நட்டால் நாலு பக்கமும் சுற்றி ஒரு வரிசைக்குச் சுமார் 900 தூர். சரிவில் இரண்டு வரிசை, நடுவில் அருகம்புல். தூரின் தாளை ஒரு சாண் விட்டு நறுக்கி நடுங்கள். ஆடியில் நட்டுத் தண்ணீர் காட்டினால் ஐப்பசி மழைக்குள் வேர் பிடிக்கும். ஐப்பசியில் நட்டால் தூரே அடித்துக்கொண்டு போகும். புல் எழும் வரை தென்னைநார் வலை விரித்து முளை அடித்து வைப்பது நல்லது. கரையில் மரம் வைக்காதீர்கள், சீமைக்கருவேலம் முளைத்தால் கன்றிலேயே பிடுங்குங்கள். வேர் செத்து மக்கிய பாதையில்தான் கசிவு தொடங்கும்.

மேற்கு மூலையில் குட்டைக்கு வெளியே 2 மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலம், ஒரு மீட்டர் ஆழத்தில் வண்டல் தொட்டி வெட்டுங்கள். அதிலிருந்து 8 இன்ச் பிவிசி பைப் குட்டைக்குள் வரட்டும். இரண்டு ஏக்கர் ஓட்டத்துக்கு 6 இன்ச் பைப் திணறும். பைப் வாய் விழுகிற இடத்தில் கல் பரப்பு வேண்டும். மிச்சத் தண்ணீருக்கு எதிர்மூலையில் கரை மட்டத்துக்கு 30 செ.மீ. கீழே, ஒன்றரை மீட்டர் அகலத்தில் கலங்கல், அதாவது வழிந்தோடும் வாய். அது அசையாத பழைய தரையில் இருக்கட்டும், கொட்டின மண்ணில் வேண்டாம். தொட்டியில் பாதி நிரம்பியதும் மண்ணை வாரிவிடுங்கள்.

அணைக்கட்டு_கழனி

ரொம்ப நன்றி. சோதனை முடிஞ்சது. ஏழு நாள் கழிச்சும் பாட்டில் தெளியல, அடியில் ஒரு விரல் கனம் மண் மட்டும் இறங்கியிருக்கு. மேல்மண் கட்டி உதிர்ந்தது, தண்ணி தெளிவு. அடிமண் கட்டியைச் சுத்தி அரை மணியில் வெள்ளைப் புகை. ஆடியில் சரிவு வேலையை ஆரம்பிக்கறோம். தண்ணிக்கு அப்போ ஜிப்சமா, படிகாரமா?

பொன்னைக்கரை

உங்க மண்ணுக்கு ஜிப்சம்தான் சார் முதல் மருந்து. மல்லாட்டைக்கு (நிலக்கடலைக்கு) போடற அதே ஜிப்சம். அதில் இருக்கிற கால்சியம் களியில் ஒட்டின சோடியத்தை விரட்டும், துகள் ஒண்ணு சேர்ந்து இறங்கும். பிஎச் (தண்ணியின் அமில, கார அளவு) மாறாது.

உங்க தண்ணி அளவு: தண்ணி மட்டம் 29×29 = 841, அடி 26×26 = 676, ரெண்டையும் கூட்டிப் பாதியாக்கி ஆழம் ஒன்றரையால் பெருக்கினா சுமார் 1,140 கன மீட்டர். கன மீட்டருக்கு 300 கிராம்னா 340 கிலோ, அதாவது 50 கிலோ மூட்டை ஏழு. வாங்கறதுக்கு முன்னாடி மூணு 20 லிட்டர் கேனில் குட்டைத் தண்ணி பிடிச்சு 5, 6, 10 கிராம் போட்டு நல்லா கலக்கிப் பாருங்க. கன மீட்டருக்கு 250, 300, 500 கிராம் கணக்கு அது. எது குறைஞ்ச அளவில் தெளியுதோ அதுதான் உங்க அளவு. சரிவு வேலை முடிஞ்ச பிறகு குட்டையில் நிக்கற தண்ணியை மறுபடி அளந்து அந்த அளவால் பெருக்கிக்கங்க. பொடியா அப்படியே கொட்டினா அடியில் கட்டியா உட்காரும். டிரம்மில் கரைச்சுக் குட்டை முழுக்கத் தெளிக்கணும். தெளிய ஒரு வாரம்கூட ஆகும், அவசரப்பட்டு இரட்டிப்பாக்காதீங்க.

புதுச் சரிவில் அடிமண் வெளியே தெரியற இடமெல்லாம் 100 சதுர மீட்டருக்கு 50 கிலோ ஜிப்சம் போட்டு 15 செ.மீ. ஆழம் கொத்திக் கலக்கி, மேலே நல்ல மேல்மண் ஒரு சாண் பரப்பிட்டு வெட்டிவேர் நடுங்க. இது செய்யாம புல் மட்டும் நட்டா வேருக்கு அடியிலேயே மண் கரைஞ்சு பொந்து விழும்.

வாலாஜா_மீன்குட்டை

ஜிப்சத்தில் தெளியலைன்னா மட்டும் படிகாரம். 10 கிராமை ஒரு லிட்டர் தண்ணியில் கரைச்சா ஒரு மில்லியில் 10 மில்லிகிராம். ஒரு லிட்டர் பாட்டில் அஞ்சு எடுத்து சிரிஞ்சில் 1, 2, 3, 4, 5 மில்லி விடுங்க. ஒரு நிமிஷம் வேகமா, அஞ்சு நிமிஷம் மெதுவா கலக்கி ஒரு மணி நேரம் விடுங்க. 3 மில்லியில் தெளிஞ்சா கன மீட்டருக்கு 30 கிராம், இப்ப நிக்கற தண்ணிக்கு 34 கிலோ.

ஒரு மூட்டைன்னு கண்ணை மூடிக்கிட்டு கொட்டறது ஏன் ஆபத்துன்னா, படிகாரம் தண்ணியின் காரத்தன்மையைத் தின்னும். போடற படிகாரத்தின் எடையில் பாதி அளவு காரத்தன்மை போகும். மழைத்தண்ணிக் குட்டையில் அது முதல்லயே குறைவு. தீர்ந்துட்டா பிஎச் சடார்னு இறங்கும், அலுமினியம் மீன் செவுளைத் தாக்கும். அதனால் தெளிஞ்ச பாட்டிலில் பிஎச் தாள் வெச்சுப் பாருங்க. 6-க்குக் கீழே போச்சுன்னா படிகாரத்தில் பாதி எடை நீத்துன சுண்ணாம்பு சேர்த்து மறுபடி சோதிங்க. மீன் விடறதுக்கு முன்னாடி, காத்து இல்லாத விடியக்காலையில் தெளிக்கணும். திரிஞ்சு இறங்கற களியைக் காத்து கலக்கிட்டா மறுபடி அதே அளவில் சேராது.

மீன் விடும்போது கட்லா, ரோகு போதும். சாதாக் கெண்டை அடிச்சேத்தைக் கிண்டியே தண்ணியைக் கலக்கிடும். மாடு இறங்கறதுக்கும் ஒரே ஒரு கல் படித்துறை வெச்சு மத்த பக்கம் அடைச்சிடுங்க. அப்புறம், கண்ணாடி மாதிரி தெளியணும்னு பாக்காதீங்க. வெள்ளைத் தட்டைக் கயித்தில் கட்டி இறக்கினா 30, 40 செ.மீ. வரை தெரிஞ்சா மீனுக்குப் போதும். தெளிஞ்ச ரெண்டு வாரத்தில் தண்ணி லேசா பச்சை கட்டும். அது மீனுக்குத் தீனி, அதுக்கு எந்த மருந்தும் போடக் கூடாது.