வாட்ஸ்அப்பில் வரும் வெள்ள வீடியோ: ஏற்றும் முன் எதைப் பார்ப்பது?

பொதிகைச்சாரல்:
வணக்கம். மாவட்டச் செய்தித் தளம், டெஸ்க்கில் இரண்டே பேர். மழை பிடித்தால் "இப்போ, நம்ம ஊர் பாலம்" என்று வீடியோக்கள் குவிகின்றன. சில பழையவை, சில வேறு மாநிலத்தவை. அரை மணிக்குள் முடிவெடுக்க வேண்டும். எந்த வரிசையில் சோதிப்பது? கோப்பின் பெயரில் இருக்கும் தேதியை நம்பலாமா?

இரவு டெஸ்க்:
அந்தத் தேதியை நம்பவே வேண்டாம். விஐடி-20231217-டபிள்யூஏ0008 என்றிருந்தால், அந்த வீடியோ அந்தப் போனுக்கு வந்து சேர்ந்த நாள் அது. 2015 சென்னை வெள்ளத்தை இன்று யாராவது அனுப்பினாலும் இன்றைய தேதிதான் விழும்.

முதல் வேலை, அனுப்பியவரைக் கூப்பிடுவது. "நீங்க எடுத்ததா, உங்களுக்கு வந்ததா?" வீடியோவின் மேல் பலமுறை ஃபார்வர்டு ஆனதைக் காட்டும் இரட்டை அம்புக்குறி இருந்தால் ஐந்து கையாவது மாறி வந்திருக்கிறது, அவரிடமிருந்து பின்னோக்கிப் போக வேண்டும். எடுத்தவர் கிடைத்துவிட்டால் அசல் கோப்பை டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள். சாதாரணமாக அனுப்பினால் வாட்ஸ்அப் அதைச் சுருக்கி, எடுத்த நேரம், இடம் எல்லாவற்றையும் கழற்றிவிடும். அதே இடத்தில் சற்று முன்போ பின்போ எடுத்த இன்னொரு படத்தையும் கேளுங்கள். எடுத்தவரிடம் பெரும்பாலும் இருக்கும், ஃபார்வர்டு செய்தவரிடம் இருக்காது.

ஆள் கிடைக்காவிட்டால்தான் தேடல். கடைப் பலகை, பாலத்தின் கைப்பிடிச் சுவர், கோபுரம் தெரியும் நொடிகளில் நிறுத்தி நான்கைந்து ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். வெறும் தண்ணீரைப் போட்டால் உலகத்து வெள்ளமெல்லாம் வந்து நிற்கும். மேலே ஒட்டிய எழுத்தை வெட்டிவிட்டு, படத்தை வைத்தே தேடித்தரும் கூகுள் லென்ஸ், யாண்டெக்ஸ் இரண்டிலும் போடுங்கள். வராவிட்டால் இடவலமாகப் புரட்டிப் போடுங்கள். பழைய வீடியோவைக் கண்ணாடி பிம்பமாக்கி உலவவிடும் வழக்கம் இருக்கிறது. அப்படியும் ஒன்றும் சிக்கவில்லை என்பதற்காக அது புதிய வீடியோ ஆகிவிடாது.

ஆற்றங்கரை:
மழையளவோடு ஒப்பிடும்போது ஒரு கவனம். வானிலை மையத்தின் கணக்கு காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் பதிவான 95 செ.மீ. 18ஆம் தேதிக் கணக்கில் வரும். மழை கொட்டத் தொடங்கியதோ 17ஆம் தேதி. இது தெரியாமல் பார்த்தால் உண்மையான வீடியோவையே பொய் என்று தள்ளிவிடுவீர்கள்.

நின்றிருக்கும் கார், பைக்கின் நம்பர் பிளேட்டெல்லாம் டிஎன் 69 என்றால் தூத்துக்குடி, டிஎன் 72 என்றால் நெல்லை. துணைச் சான்றாக வைத்துக்கொள்ளலாம். ஒற்றை அரசுப் பேருந்தை வைத்து ஊரைச் சொல்லாதீர்கள், அது நாலு மாவட்டம் ஓடும். குரலை மாற்றி ஒட்டுவதும் சுலபம். ஒருமுறை மியூட்டில் பாருங்கள், ஒருமுறை படத்தைப் பார்க்காமல் கேளுங்கள்.

பிழைதிருத்தி:
அடிதடி வீடியோவுக்கு இதெல்லாம் போதாது. 2023 மார்ச்சில் பீகார் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் தாக்குவதாகப் பரவிய இரண்டு வீடியோக்கள் திருப்பூரிலும் கோவையிலும் முன்பு நடந்தவை. ஒன்று பீகார் தொழிலாளர்களின் இரு தரப்புக்குள் நடந்த மோதல், மற்றது உள்ளூர்க்காரர்கள் இருவரின் தகராறு என்று அன்றைய டிஜிபி சைலேந்திரபாபு விளக்கினார். படமும் இடமும் நிஜம். கூட ஒட்டிய வரிதான் பொய். லென்ஸில் அது தெரியாது. யார், எதற்காக என்பதைக் காவல் நிலையத்திலும் இரு தரப்பிலும் கேட்காமல் ஏற்றவே கூடாது.

தவறாக ஏற்றிவிட்டால் சத்தமில்லாமல் அழிக்காதீர்கள். லிங்க் அனுப்பியபோது உருவான தலைப்பும் படமும் வாட்ஸ்அப் குழுக்களில் அப்படியே நிற்கும். தளத்தில் மாற்றினாலும் அங்கே மாறாது. தொட்டால் பக்கம் இல்லை என்று வந்தால், "மேலிடம் சொல்லித் தூக்கிட்டாங்க" என்று அடுத்த வதந்தி கிளம்பும். அதே முகவரியில், முதல் பத்தியிலேயே, எது தவறு, எத்தனை மணிக்குத் திருத்தினோம் என்று எழுதுங்கள். பிறகு முதலில் எந்தெந்தக் குழுக்களுக்கு அனுப்பினீர்களோ, அத்தனைக்கும் திருத்தத்தை அனுப்புங்கள். அந்தப் பட்டியலை அனுப்பும்போதே குறித்து வைத்தால்தான் இது நடக்கும்.