எம்பிஏ வகுப்பில் எல்லோரும் சரியான பதிலே சொல்கிறார்கள். பொறுப்பான தலைமையை எப்படிக் கற்பிப்பது?

பாடவேளை (கேள்வி)
முதலாண்டு எம்பிஏவுக்கு விழுமியம் சார்ந்த தலைமை என்று ஒரு தாள். 12 வகுப்பு, தலா 90 நிமிடம், 60 மாணவர்கள். எந்த கேஸைக் (விவாதிக்கத் தரும் நிகழ்வுக் குறிப்பு) கொடுத்தாலும் "உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும்" என்று ஒரே குரல். ஆசிரியர் எதிர்பார்ப்பதைத் தெரிந்துகொண்டு சொல்கிற பதில் அது. பத்து நிமிடத்தில் விவாதம் படுத்துவிடுகிறது. வகுப்பை எப்படி அமைப்பது, மதிப்பெண்ணை எதற்குப் போடுவது?

ஒத்திகை (பதில்)
"எது சரி?" என்று கேட்டால் சரியானதைத்தான் சொல்வார்கள். மேரி ஜென்டைல் உருவாக்கிய 'கிவிங் வாய்ஸ் டு வேல்யூஸ்' முறை அதற்கு அடுத்த படியில் தொடங்குகிறது: எது சரி என்பது முடிவாகிவிட்டது, இனி யாரிடம், எப்போது, என்ன சொல்லி அதை நடக்க வைப்பது?

கேஸ் இரண்டு பக்கத்துக்கு மேல் வேண்டாம். முடிவெடுக்கும் கட்டத்துக்கு முன்பே வெட்டிவிடுங்கள். முதல் 10 நிமிடம் தனியாக எழுதட்டும். பேசவிருக்கும் வாக்கியங்களையே எழுத வேண்டும், "மேலாளரிடம் எடுத்துச் சொல்வேன்" என்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பிறகு மூவர் குழு: பேசுபவர், மேலாளர், கவனிப்பவர். 8 நிமிடத்துக்கு ஒருமுறை இடம் மாறி மூன்று சுற்று. கடைசி 15 நிமிடம் அதே வசனத்தைத் திருத்தி எழுத.

கெட்டுப்போவது மேலாளர் வேடத்தில்தான். நண்பன் என்று சீக்கிரம் இறங்கி வந்துவிடுவார்கள். அதனால் அவர் கையில் ஓர் அட்டை: "எல்லாரும் செய்வதுதான்", "இது சின்ன விஷயம்", "நம் பொறுப்பில் வராது", "கூட இருப்பவர்களைக் காட்டிக்கொடுப்பதா?" இந்த நான்கையும் சொல்லித் தீர்க்க வேண்டும். மாற்று வழி ஒன்றும், அதன் செலவுக் கணக்கும் காதில் விழும்வரை இறங்கக் கூடாது. பேசுபவர் உபதேசத்தில் இறங்கினால் கவனிப்பவர் குறித்துக்கொள்ளட்டும்.

மறுபக்கம் (பதில்)
முறை நல்லதுதான். ஆனால் நன்றாகப் பேசினால் வென்றுவிடலாம் என்ற எண்ணம் மாணவர்களுக்கு ஒட்டிக்கொள்ளும். அதை உடைக்க, வெடித்துச் சிதறிய அமெரிக்க விண்வெளி ஓடம் சேலஞ்சரின் கேஸைக் கொடுங்கள். 1986 ஜனவரி 27 இரவு நாசாவுடன் நடந்த தொலைபேசிக் கூட்டத்தில், 53 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே ஏவ வேண்டாம் என்று ராக்கெட்டைச் செய்துகொடுத்த தியோகால் நிறுவனத்தின் பொறியாளர்கள் சொன்னார்கள். அவர்களில் ஒருவரான ரோஜர் பாய்ஸ்ஜாலி உரக்கவே எதிர்த்தார். நிர்வாகிகள் தனியாகப் பேசி முடிவை மாற்றினார்கள். மறுநாள் ஏழு பேர் இறந்தார்கள். தொலைபேசிக் கூட்டத்துக்கு முந்தைய மாதங்களில் யாரைத் துணைக்குச் சேர்த்திருக்கலாம், தரவை எப்படி வரைந்து காட்டியிருக்கலாம் என்று கேளுங்கள்.

கணக்கு மோசடியில் திவாலான அமெரிக்க நிறுவனம் என்ரானை விட்டுவிடலாம். முடிவு எல்லோருக்கும் தெரியும். (அந்த நிறுவனத்தின் நன்னெறிக் கையேடு 64 பக்கம் என்பதை மட்டும் முதல் வகுப்பில் சொல்லிவையுங்கள்.) வாடிக்கையாளருக்குத் தெரியாமலே ஊழியர்கள் கணக்கு திறந்த அமெரிக்க வங்கி வெல்ஸ் ஃபார்கோ இன்னும் உதவும், ஆனால் பெயரை மறைத்துக் கொடுக்க வேண்டும். "ஒரு வாடிக்கையாளருக்கு எட்டு கணக்கு என்று இலக்கு, நீங்கள் கிளை மேலாளர், இந்த வாரம் எப்படி ஓட்டுவீர்கள்?" பாதி வகுப்பாவது வழுக்கும். அதன்பிறகு பெயரையும், 2016இல் விதிக்கப்பட்ட 18.5 கோடி டாலர் அபராதத்தையும், அதற்குள் வேலை நீக்கப்பட்ட சுமார் 5,300 பேரையும் சொல்லுங்கள். "சில கெட்டவர்கள் செய்தது" என்ற வாதம் அங்கே நிற்காது. இலக்கையும் ஊக்கத்தொகையையும் மாணவர்களே திருத்தி அமைக்கட்டும். இந்தத் தாளில் ஒரே ஒரு பயிற்சிக்குத்தான் நேரம் என்றால் நான் தேர்ந்தெடுப்பது இதைத்தான்.

மதிப்பீடு (பதில்)
மாணவரின் நேர்மைக்கு மதிப்பெண் போடாதீர்கள், நடிப்பைத்தான் வளர்ப்பீர்கள். "நான் கற்றுக்கொண்டது" வகைக் கட்டுரையும் அப்படியே. வேலையை அளக்கலாம்: யாருக்கு என்ன பாதிப்பு என்ற வரைபடம் 20, முதல் வசனம் 20, எதிர்ப்பைக் கேட்டபின் திருத்திய வசனம் 35, ஊக்கத்தொகைத் திட்டத் திருத்தம் 25. திருத்தியதற்குக் கூடுதல், ஏனென்றால் முதல் வசனத்தை யாரும் எழுதிக் கொடுத்துவிடலாம்.

பாடவேளை
60 பேர் என்றால் 20 குழு. அத்தனை சத்தத்தில் எதைக் கவனிப்பது?

ஒத்திகை
எல்லாவற்றையும் கேட்க வேண்டாம். கவனிப்பவர் தாளில் இரண்டே கட்டம்: மேலாளர் எந்தச் சொல்லில் அசைந்தார், எந்தச் சொல்லில் இறுகினார். சுற்று முடிந்ததும் ஐந்து தாளை எடுத்துப் பலகையில் எழுதுங்கள். விவாதம் அங்கிருந்து தொடங்கும்.