அரசு உதவி பெறும் குடும்பங்களுக்கு மட்டும் ஒரு பவுண்டில் நுழைவுச்சீட்டு: இது நியாயமா?

ஹரோவாசி:

டவர் ஆஃப் லண்டன், ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனை முதலியவற்றை நிர்வகிக்கும் அறக்கட்டளையும், கியூ தாவரவியல் பூங்காவும், யுனிவர்சல் கிரெடிட் (வருமானம் குறைந்தவர்களுக்குப் பிரிட்டிஷ் அரசு தரும் மாத உதவித்தொகை) பெறும் குடும்பங்களுக்கு ஆளுக்கு ஒரு பவுண்டு என்ற கட்டணத்தில் நுழைவுச்சீட்டு வழங்கி வருகின்றன. அதே டவருக்குள் நுழைய, அந்த உதவியைப் பெறாத வயதுவந்த ஒருவர் 30 பவுண்டுக்கும் மேல் செலுத்த வேண்டும். ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள் அரண்மனையைப் பார்க்கக் கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போய், வீட்டுக்கடனையும் வரியையும் கட்டிய பின் மாதக் கடைசியில் கையில் ஒன்றும் மிஞ்சாத குடும்பங்கள் இந்த நாட்டில் ஏராளம். அவர்களுக்கு முழுக்கட்டணம், அந்த உதவிக்கான ஒரே ஒரு கடிதம் வைத்திருப்பவருக்கு முப்பதில் ஒரு பங்கு. இடையில் ஒரு படிகூட இல்லை. வருமானத்தைப் பார்த்துச் சலுகை கொடுப்பதாக இருந்தால், வருமானத்தைத்தானே பார்க்க வேண்டும்?

இரவுப்பணி:

நீங்கள் சொல்லும் அந்தக் கடிதம் என்னிடம் இருக்கிறது. நான் முதியோர் பராமரிப்பு இல்லத்தில் இரவு வேலை பார்க்கிறேன். யுனிவர்சல் கிரெடிட் என்றாலே வீட்டில் சும்மா இருப்பவர்களுக்கான பணம் என்ற எண்ணம் நம்மவர்களிடையே ஆழமாக இருக்கிறது. கோயில் வாசலில்கூட அந்தப் பெயரைத் தாழ்ந்த குரலில்தான் சொல்கிறோம். உண்மையில் அதைப் பெறுபவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் வேலையில் இருப்பவர்கள். எஞ்சியவர்களிலும் கைக்குழந்தையையோ நோயாளியையோ பார்த்துக்கொள்பவர்களும், தாங்களே நோயுற்றவர்களும் நிறைய உண்டு. குறிப்பிட்ட வரம்புக்கு மேல் நான் சம்பாதிக்கும் ஒவ்வொரு பவுண்டுக்கும் 55 பென்ஸ் அந்த உதவியிலிருந்து கழிக்கப்படுகிறது. கூடுதலாக ஓர் இரவு உழைத்தால் பாதிக்கும் குறைவாகவே கையில் நிற்கும் என்னை உழைக்காதவர் கணக்கில் சேர்ப்பது சரியல்ல.

இன்னொன்றையும் கேட்கிறேன். இந்தச் சலுகை இல்லாவிட்டால் நான் 30 பவுண்டு கொடுத்து உள்ளே போயிருப்பேனா? போயிருக்க மாட்டேன். அப்படியிருக்க, என் பிள்ளை உள்ளே போனதால் உங்கள் பையிலிருந்து எது குறைந்தது?

கணக்கர்:

இரவுப்பணி கேட்ட கேள்வியே இந்த விவாதத்தின் மையம் என்று நினைக்கிறேன். டவர் ஆஃப் லண்டனின் காவலுக்கும், கற்சுவர்களின் பராமரிப்புக்கும், ஊழியர் சம்பளத்துக்கும் ஆகும் செலவு, அன்று கூடுதலாக நூறு பேர் வந்தாலும் வராவிட்டாலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அந்த அறக்கட்டளை தன் அரண்மனைகளை நடத்த அரசிடமிருந்து மானியம் பெறுவதில்லை. நுழைவுக் கட்டணம், உறுப்பினர் சந்தா, நன்கொடை போன்றவற்றாலேயே இயங்குகிறது. நாளையே ஒரு பவுண்டுச் சீட்டை நிறுத்தினாலும் ஹரோவாசி ஐயாவின் சீட்டு ஒரு பென்னிகூடக் குறையாது.

நாம் எல்லோரும் ஏதோ ஒரு சலுகையில்தான் உள்ளே போகிறோம் என்பதையும் மறந்துவிடக் கூடாது. மாணவருக்கு ஒரு விலை, முதியவருக்கு ஒரு விலை, ரயிலில் வந்தால் இருவருக்கு ஒரு சீட்டு, பல்பொருள் அங்காடியில் சேர்த்த புள்ளிகளுக்கு ஒரு சீட்டு என்று எத்தனையோ இருக்கின்றன. ஆண்டுச் சந்தா கட்டியவர் மாதந்தோறும் போய்வந்தால் ஒரு வருகைக்கு அவர் கொடுப்பது மிகச் சிறிய தொகை. இன்னும் கேளுங்கள்: பல அறக்கட்டளைத் தலங்களில் சீட்டு விலையோடு பத்து சதவீதத்தை நன்கொடையாகச் சேர்த்துக் கொடுத்தால், வரி கட்டுபவர் ஒருவரின் மொத்தத் தொகையில் ஒவ்வொரு பவுண்டுக்கும் அரசு 25 பென்ஸை அந்த அறக்கட்டளைக்குத் தருகிறது. வசதியுள்ளவரின் ஞாயிற்றுக்கிழமை உலாவோடு அரசுப் பணமும் சேர்ந்து போகிறது. அதைப் பற்றி இங்கே ஒருவரும் கேள்வி எழுப்பியதில்லை.

ஹரோவாசி:

ரயில் சலுகையும் அங்காடிப் புள்ளியும் யார் வேண்டுமானாலும் பெறக்கூடியவை. அவற்றை இதனோடு ஒப்பிட முடியாது. என் கேள்வி விலை வேறுபாட்டைப் பற்றியதன்று, கோடு எங்கே போடப்பட்டிருக்கிறது என்பதைப் பற்றியது. சொற்களை விட்டுவிட்டு எண்களையே வைக்கிறேன். 2025-26 ஆம் ஆண்டின் விகிதங்களைக் கொண்டு எவரும் சரிபார்த்துக்கொள்ளலாம்.

25 வயதைக் கடந்த கணவன் மனைவிக்கு யுனிவர்சல் கிரெடிட்டின் அடிப்படைத் தொகை மாதம் 628.10 பவுண்டு. 2017 ஏப்ரலுக்குப் பின் பிறந்த இரண்டு பிள்ளைகளுக்குத் தலா 292.81 பவுண்டு. ஆகமொத்தம் 1213.72. இவர்கள் சொந்த வீட்டில், வீட்டுக்கடன் கட்டிக்கொண்டு இருப்பவர்கள் என்று கொள்வோம். முதல் 684 பவுண்டுச் சம்பாத்தியத்துக்குக் கழிவு இல்லை. அதற்கு மேல் பவுண்டுக்கு 55 பென்ஸ் கழியும். இந்தக் கணக்கின்படி, வரி போகக் கையில் வரும் சம்பளம் மாதம் ஏறக்குறைய 2890 பவுண்டைத் தொட்டதும் உதவி முற்றாக நின்றுவிடும்.

அதே குடும்பம் வாடகை வீட்டில் இருந்து, உதவித்தொகையில் வாடகைக்காக 1200 பவுண்டு அனுமதிக்கப்பட்டால், மொத்தம் 2413.72 ஆகிறது. வாடகைக்கும் உதவி பெறுவதால், கழிவில்லாத தொகை இவர்களுக்கு 411 மட்டுமே. ஆனாலும் உதவி நிற்பது, கைச்சம்பளம் ஏறக்குறைய 4800 பவுண்டை எட்டும்போதுதான். ஆக, மாதம் 4500 பவுண்டு வீட்டுக்குக் கொண்டுவருபவர் ஒரு பவுண்டு கொடுத்து டவருக்குள் போகலாம். 3000 கொண்டுவந்து அதில் பெரும்பகுதியை வங்கிக்குக் கொடுப்பவர் 30 பவுண்டுக்கு மேல் கொடுக்க வேண்டும். எந்தத் தராசில் வைத்தாலும் இது நியாயமாகத் தெரியவில்லை.

இரவுப்பணி:

உங்கள் கூட்டல் கழித்தலில் நான் பிழை காணவில்லை. ஆனால் அந்த 4500 பவுண்டுக் குடும்பத்தை எல்லோருக்கும் மாதிரியாக நிறுத்துகிறீர்கள். விளிம்பில் இருப்பவர் அவர்; யுனிவர்சல் கிரெடிட்டாக அவருக்குக் கிடைப்பது 165 பவுண்டுக்குள் அடங்கும். நானும் என்னோடு வேலை செய்பவர்களும் அந்த விளிம்புக்கு வெகு கீழே இருக்கிறோம். தவிர, வாடகைக்காரர் கொடுக்கும் 1200 பவுண்டு திரும்பி வராத பணம்; வீட்டுக்கடன் கட்டுபவருக்கு இருபத்தைந்து ஆண்டு கழித்து வீடு மிஞ்சும். 16,000 பவுண்டுக்கு மேல் சேமிப்பு இருந்தால் இந்த உதவிக்கு விண்ணப்பிக்கவே முடியாது என்பதையும், குடியிருக்கும் சொந்த வீடு அந்தக் கணக்கில் வராது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

ஹரோவாசி:

இருபத்தைந்து ஆண்டு கழித்து வரப்போகும் வீட்டின் ஒரு செங்கலை இன்று நுழைவாயிலில் கொடுத்துவிட்டு உள்ளே போக முடியாதே, அம்மா. விளிம்பில் இருப்பவர் சிலர்தான் என்பது அந்த எல்லைக்கோட்டைச் சரியாக்கிவிடாது. யுனிவர்சல் கிரெடிட்டாவது வருமானம் ஏற ஏறப் படிப்படியாகக் குறைகிறது. நுழைவுச்சீட்டோ அந்த உதவியின் கடைசிப் பென்னி வரை முழுச் சலுகையாக இருந்து, பிறகு ஒரே நாளில் செங்குத்தாக விழுகிறது.

தென்கரை:

இதுவரை பேசிய மூவரும் விண்ணப்பிக்கும் உரிமை உள்ளவர்களைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் பராமரிப்புப் பணியாளர் விசாவில் வந்தவள். பொது நிதியிலிருந்து எதையும் பெறக் கூடாது என்ற நிபந்தனையுடன் எங்களுக்கு அனுமதி தரப்பட்டிருக்கிறது. இரவுப்பணி அக்கா செய்யும் அதே வேலை, அதே மணிக்கணக்கு, அதே ஊதியம், வாடகையும் ஒன்றுதான். மாதக் கடைசியில் எங்கள் கையில் மிஞ்சுவது அவர்களுடையதைவிடக் குறைவு, ஏனென்றால் உதவித்தொகை இல்லை. யுனிவர்சல் கிரெடிட் கடிதம் ஒன்றே சான்று என்றால், உதவி மறுக்கப்பட்டவர் அந்த மறுப்பின் காரணமாகவே சலுகையையும் இழக்கிறார். ஹரோவாசி அண்ணா சொன்ன கோட்டின் கோளாறு மிகக் கூர்மையாகத் தெரிவது இந்த இடத்தில்தான்.

இதில் சட்டத்தின் மீது பழிபோடவும் முடியாது. குடிவரவு விதிகளில் பொது நிதி எனப்படுவது, பெயர் குறித்துப் பட்டியலிடப்பட்ட சில உதவிகளே. ஓர் அறக்கட்டளை தன் சீட்டைக் குறைந்த விலைக்குத் தருவது அந்தப் பட்டியலில் இல்லை. எங்களுக்கு அதைக் கொடுப்பதால் எவருடைய விசாவும் பாதிக்கப்படாது. இங்கிலாந்தில் பள்ளிகளின் இலவச மதிய உணவையே, வருமான வரம்போடு, எங்கள் நிலையிலுள்ள குடும்பங்களின் பிள்ளைகளுக்கு 2022 முதல் அரசு நிரந்தரமாக நீட்டித்துவிட்டது. அரசே கடந்துவிட்ட எல்லைக்கோட்டை அரண்மனைகளும் பூங்காக்களும் ஏன் இன்னும் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும்?

கணக்கர்:

தென்கரையின் வாதத்துக்கு என்னிடம் மறுப்பு இல்லை. சான்று கேட்கும் முறை எதுவானாலும் யாரையேனும் வெளியே விடும். எனவே சான்றே கேட்காத முறை ஒன்றையும் யோசிக்கலாம். இந்த ஊரில் அதற்குப் பழைய முன்மாதிரி உண்டு. 1851 இல் ஹைட் பார்க்கில் நடந்த மாபெரும் கண்காட்சியில் திறப்பு நாளுக்கு அடுத்த இரண்டு நாட்களுக்குக் கட்டணம் ஒரு பவுண்டு. பிறகு ஐந்து ஷில்லிங் (அன்று இருபது ஷில்லிங் சேர்ந்தது ஒரு பவுண்டு). மே 26 முதல் திங்கள் தொடங்கி வியாழன் வரை ஒரு ஷில்லிங். வெள்ளிக்கும் சனிக்கும் கட்டணம் கூடுதல். உன் சம்பளம் என்ன என்று எவரும் கேட்கவில்லை; பணக்காரர்கள் கூட்டம் குறைந்த சனிக்கிழமையைத் தாங்களே தேர்ந்துகொண்டார்கள். மொத்தத்தில் அறுபது லட்சம் வருகைகள் பதிவாயின. மிஞ்சிய இலாபம் ஏறத்தாழ 1,86,000 பவுண்டு. சவுத் கென்சிங்டனில் இன்று நாம் இலவசமாகப் பார்க்கும் அருங்காட்சியகங்களுக்கான நிலம் அந்தப் பணத்தில் வாங்கப்பட்டது.

ஹரோவாசி:

இதை நான் முழுமனதோடு ஏற்பேன். மாதத்தில் சில நாட்களை எல்லோருக்கும் மலிவாக்குங்கள். யாரும் யாருடைய கடிதத்தையும் பார்க்க வேண்டாம்.

இரவுப்பணி:

எந்த நாட்களை என்பதுதான் கேள்வி. மலிவு நாள் என்று எந்த நிறுவனமும் கோடை விடுமுறைச் சனிக்கிழமையைக் கொடுக்கப் போவதில்லை; பிப்ரவரி மாதத்துச் செவ்வாய்க்கிழமையைத்தான் கொடுக்கும். அன்று பிள்ளைகள் பள்ளியில் இருப்பார்கள். அனுமதியின்றிப் பள்ளிக்கு அனுப்பாமல் இருந்தால் இங்கிலாந்தில் ஒவ்வொரு பெற்றோருக்கும், ஒவ்வொரு பிள்ளைக்கும் 80 பவுண்டு அபராதம் வரலாம். மூன்று வாரத்துக்குள் கட்டாவிட்டால் அது 160 ஆகும். அந்தச் செவ்வாய்க்கிழமையைப் பயன்படுத்தக்கூடியவர்கள் ஓய்வூதியம் பெறுபவர்களும் சுற்றுலாப் பயணிகளும்தான். ஒரு பவுண்டுச் சீட்டின் அருமை, பிள்ளைக்கு விடுமுறை உள்ள நாளில் அதைப் பயன்படுத்த முடிவதில் இருக்கிறது. சான்றைச் சரிபார்ப்பதாக இருந்தால் இணையத்தில் முன்பதிவின்போது சரிபார்க்கட்டும். வாசலில் வரிசைக்கு நடுவே நிறுத்தி, பிள்ளை பார்க்கக் கேட்க வேண்டாம். நான் இதில் கேட்பது அவ்வளவே.

தென்கரை:

இலவச மதிய உணவுக்கான பதிவையே சான்றாக ஏற்றால் என்ன என்று நானும் எண்ணிப் பார்த்தேன். எங்களைப் போன்றவர்களின் பிள்ளைகள் அதில் வருகிறார்கள்; யுனிவர்சல் கிரெடிட் பெறும் எல்லாக் குடும்பங்களுக்கும் 2026 செப்டம்பர் முதல் இங்கிலாந்தில் அது விரிவாகும் என்று அரசு 2025 இல் அறிவித்தது. ஆனால் லண்டனில் ஒரு சிக்கல் இருக்கிறது. 2023 செப்டம்பர் முதல் இங்கே அரசு ஆரம்பப் பள்ளிகளின் எல்லாப் பிள்ளைகளுக்கும் சிறு வகுப்புகளுக்கு அரசும் மற்ற வகுப்புகளுக்கு நகர மேயரும் தரும் நிதியில் மதிய உணவு இலவசம். ஆகவே தகுதியுள்ள பெற்றோரிலும் விண்ணப்பிக்கத் தோன்றாமல் விட்டவர்கள் இருப்பார்கள். பதிவு செய்தால் பள்ளிக்கும் கூடுதல் நிதி கிடைக்கக்கூடும் என்பதால், இதைப் படிக்கும் பெற்றோர் பள்ளி அலுவலகத்தில் ஒருமுறை கேட்டுப் பதிந்துகொள்வது நல்லது.

ஹரோவாசி:

அந்தச் சான்றை ஏற்க வேண்டும் என்று அறக்கட்டளைகளுக்கு எழுதுவதாக இருந்தால் என் பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். என் முதல் கேள்வி இதனால் தீரவில்லை. ஒரு பவுண்டுக்கும் முப்பது பவுண்டுக்கும் நடுவே, உதவி நின்றுபோன குடும்பங்களுக்கு என்று பத்துப் பவுண்டுச் சீட்டு ஒன்றை ஏன் வைக்கக் கூடாது?

கணக்கர்:

அது இல்லாததற்குக் காரணம் எளியது. ஒரு பவுண்டுச் சீட்டை வாங்குபவரில் பெரும்பாலோர் வேறு விலையில் வந்திருக்க மாட்டார்கள். அதனால் நிறுவனத்துக்கு இழப்பு இல்லை. பத்துப் பவுண்டுச் சீட்டை வாங்குபவரில் பலர் இப்போதே பல்லைக் கடித்துக்கொண்டு முப்பது கொடுப்பவர்கள். அவர்கள் ஒவ்வொருவராலும் இருபது பவுண்டு வருவாய் குறையும். அரசு மானியம் இல்லாத அறக்கட்டளை அந்த ஓட்டையை வேறெங்கோ அடைக்க வேண்டியிருக்கும். பெரும்பாலும் முழுக்கட்டணத்தைக் கூட்டித்தான் அடைப்பார்கள்.

ஹரோவாசி:

அப்படியானால் நாங்கள் வெளியே நிறுத்தப்பட்டது எங்களுக்குத் தேவையில்லை என்று எவரும் எடைபோட்டுப் பார்த்ததால் அல்ல. எப்படியும் இவர்கள் கடன்பட்டாவது கொடுத்துவிடுவார்கள் என்ற கணிப்பினால். நீங்கள் சொல்வது வணிகக் கணக்காகச் சரியாகவே இருக்கலாம். ஆனால் எல்லோருக்கும் திறந்த கதவு என்று இந்தத் திட்டத்தை அறிமுகப்படுத்துபவர்கள், இந்தக் கணக்கையும் அதே பக்கத்தில் எழுதிவிட வேண்டும்.