கட்டிலுக்கு அடியில் 12 சதுர அடி

வியாசர்பாடியிலிருந்து:

எங்கள் வீட்டில் ஒரு ஹால், ஒரு சமையலறை. அம்மா, அப்பா, ஆயா, நான் என்று நான்கு பேர். போன தீபாவளி போனஸில் இரண்டு பெண் கினி பிக் வாங்கினேன். வாலில்லாத பெரிய எலி மாதிரி இருக்கும் வளர்ப்புப் பிராணி. கடைக்காரர் கையில் கொடுத்த கூண்டு இரண்டடிக்கு ஒன்றரை அடி. தரையும் கம்பிதான். எனக்கும் அப்போது விவரம் தெரியாது.

ஒரு மாதத்தில் பெரியதற்குப் பாதம் சிவந்து வீங்கியது. சின்னது ராத்திரி முழுக்கக் கம்பியைக் கடித்துக்கொண்டிருந்தது. வேப்பேரி கால்நடை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். டாக்டர் காலைப் பார்ப்பதற்கு முன்னால் கூண்டைத்தான் பார்த்தார். கம்பியில் நின்று நின்றே புண் வரும், இரண்டுக்குக் குறைந்தது 7.5 சதுர அடி வேண்டும், 10.5 இருந்தால் நல்லது என்றார். மாடி வைத்த கூண்டு வாங்கட்டுமா என்று கேட்டேன். இது ஏறி விளையாடுகிற ஜாதி இல்லை, தரையில் ஓடுகிற ஜாதி, உயரத்தைக் கணக்கில் சேர்க்காதே என்றார்.

வீட்டில் சொன்னதும் அம்மா பிடித்துக்கொண்டார். "நாலு பேர் கால் நீட்டிப் படுக்க இடமில்ல, பெருச்சாளிக்கு பங்களா கேக்குதா உனக்கு?"

வாதாடினேன், போனில் வீடியோ காட்டினேன். ஒன்றும் எடுபடவில்லை. அப்புறம்தான் உறைத்தது, அம்மாவுக்கு இடத்தைவிட நாற்றம்தான் பிரச்சினை. மூன்று சதுர அடிக்குள் தின்பதும் மூத்திரம் போவதும் படுப்பதும் ஒரே இடத்தில் என்றால், காலையில் விரித்த துணி சாயங்காலம் சொதசொதவென்றுதான் இருக்கும். ஒரு வாரம் பெரிய இடம் கொடுங்கள், நாற்றம் குறையாவிட்டால் யாருக்காவது கொடுத்துவிடுகிறேன் என்றேன்.

நான் கண் வைத்தது ஆயாவின் இரும்புக் கட்டிலுக்கு அடியில். அங்கே அம்மாவின் சீர் அண்டாக்களும் ஒரு பழைய சூட்கேஸும் இருந்தன. "கட்டில் என்னுது, அடியில யார் இருக்கணும்னு நான் சொல்றேன்" என்றார் ஆயா. அம்மா இரண்டு நாள் ஆயாவிடம் பேசவில்லை.

நாலடிக்கு மூன்றடி. செருப்பு ஸ்டாண்டு செய்யும் கம்பிச் சட்டங்களைக் கேபிள் டையால் கட்டிச் சுற்றிலும் நிறுத்தினேன். தரைக்குத் தெருவில் கிடைத்த காதுகுத்து ஃப்ளெக்ஸ், பின்பக்கம் மேலே வரும்படி. அதன் ஓரத்தைச் சட்டத்துக்கு வெளியே மடித்துவிட்டேன், இல்லாவிட்டால் கடித்துத் தின்றுவிடும். அதன் மேல் அப்பாவின் பழைய லுங்கி, இரண்டு மடிப்பாக.

முதல் ராத்திரி ஆயா என்னை உலுக்கி எழுப்பினார். "ஐயோ, வலிப்பு வந்துடுச்சுடா!" டார்ச் அடித்துப் பார்த்தால், சின்னது நின்ற இடத்திலேயே அந்தரத்தில் துள்ளித் துள்ளி விழுகிறது. சந்தோஷம் வந்தால் அப்படித்தான் குதிக்கும். வாங்கி அத்தனை நாளில் நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

பாதம் ஆறிவிட்டது. நாற்றம் அறவே இல்லை என்று சொல்ல மாட்டேன், குறைந்திருக்கிறது. அம்மாவுக்கு அவை இன்னும் பெருச்சாளிதான். ஆனால் கொத்தமல்லிக் காம்பைக் குப்பையில் போடுவதில்லை. நம்மைப் போலவே இதுகளுக்கும் உடம்பில் வைட்டமின் சி தானாக உண்டாகாது என்று சொல்லியிருக்கிறேன். ஒரு அண்டா மட்டும் பரணில் ஏறவில்லை. கட்டில் காலோரம் நிற்கிறது, பேச்சுவார்த்தை நடக்கிறது.

காசிமேட்டிலிருந்து:

எங்கள் வீட்டில் வேறு மாதிரி. அண்ணி "கூடத்துல வேணாம், மாடியில போடு" என்றார். தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் ஆஸ்பெஸ்டாஸ் போட்டு 15 சதுர அடி, ராஜ வாழ்க்கை என்று நினைத்தேன். கத்திரி வெயிலில் ஒரு மத்தியானம் ஒன்று போய்விட்டது. இதற்கு வியர்க்காது, 27 டிகிரி தாண்டினாலே திணறும் என்பது அப்புறம்தான் தெரிந்தது. இப்போது மிச்சமிருப்பதும் அதற்குத் துணையாக வாங்கியதும் கூடத்தில், டைல்ஸ் தரையில். வெயில் நாளில் ஐஸ் பாட்டிலைத் துண்டில் சுற்றி வைக்கிறேன், அதில் சாய்ந்து படுக்கும். அண்ணி ஒன்றும் சொல்வதில்லை. அது சரி, வியாசர்பாடியில் தரைத்தளமா? மழைக்கு என்ன செய்வீர்கள்?

வியாசர்பாடியிலிருந்து:

தரைத்தளம்தான். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலுக்கு வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர், அப்போது இதுகள் இல்லை. நீங்கள் கேட்ட பிறகு ஆயாவிடம் கேட்டேன். "மேல ஏத்திடு, நான் சுவரோரமா ஒட்டிப் படுத்துக்கிறேன்" என்றார்.