ராத்திரி 10 மணிக்கு மேல் கல்யாண மண்டபத்தில் டிஜே: எங்கே, எப்படிப் புகார் கொடுப்பது?

மொட்டைமாடி: குடியிருப்புப் பகுதி மண்டபம். வரவேற்பு அன்னைக்கு கார் நிறுத்துற திறந்தவெளியில நாலு பாஸ் (அடித்தொனி) ஸ்பீக்கர் பாக்ஸ் வச்சு 12 மணி வரை டிஜே. கேட்டா "போலீஸ் பர்மிஷன் இருக்கு, உள்ளரங்கத்துக்கு விலக்கும் இருக்கு"ங்கறாங்க. ரோந்து வண்டி வந்தா சத்தம் இறங்குது, போனா ஏறுது. மொபைல் ஆப்ல 68 டெசிபல். இது ஆதாரமா நிக்குமா?

தாவா: முதல்ல டெசிபலை விடுங்க சார். ஒலி மாசு விதிகள் 2000, விதி 5 படி ராத்திரி 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில ஒலிபெருக்கியே கூடாது. அளவு எவ்வளவுங்கற கேள்வியே அங்க எழாது. 12 மணி வரை தளர்த்த மாநில அரசால மட்டும்தான் முடியும்; அதுவும் கலாசார, சமய விழாவுக்கு, வருஷத்துக்கு 15 நாளுக்கு மேல போகாம. ஸ்டேஷன்ல வாங்கின சீட்டு அதுக்கு ஈடாகாது. உள்ளரங்க விலக்குங்கறது மூடின கூடத்துக்குள்ள கேக்கற சத்தத்துக்கு. கார் நிறுத்துற இடம் எப்படிக் கூடமாகும்?

வீடியோ எடுக்கும்போது ஒரே ஷாட்ல மண்டப வாசல், பாக்ஸ், கடிகார நேரம் மூணும் விழணும். வெட்டி ஒட்டினா மதிப்பு போச்சு.

சவுண்ட்சர்வீஸ்: ஆப்பைப் பத்தி ஒண்ணு. போன் மைக் பேச்சுக்குன்னு செஞ்சது. சட்டம் கேக்கறதும் ஏ-வெயிட்டிங் அளவு, அதாவது மனுஷக் காது கேக்கற மாதிரி சரிக்கட்டின அளவு. அதுல பாஸ் ரொம்பக் குறைச்சுத்தான் பதிவாகும். ஜன்னல் கண்ணாடி அதிரும், மீட்டர் சாதுவா நிக்கும். மூடின கூடமா இருந்தா மட்டும் அளவு தேவைப்படும்: குடியிருப்புக்கு ராத்திரி வரம்பு 45, தனியார் இடத்து எல்லையில கூட 5. ஆக 50. மண்டபக் காம்பவுண்ட் சுவரை ஒட்டி அளக்கணும், உங்க பெட்ரூம்ல இல்ல.

தாவா: சரியாச் சொன்னீங்க. ரோந்து வண்டி விளையாட்டுக்கு மருந்து எழுத்துப் புகார்தான். 100க்கு போன் பண்ணின நேரங்களைக் குறிச்சு மறுநாள் ஸ்டேஷன்ல கொடுத்து சி.எஸ்.ஆர் ரசீது (புகார் பதிவானதுக்கு ஸ்டேஷன் தர்ற சீட்டு) வாங்குங்க. நகல் டி.எஸ்.பி.க்கோ உதவி கமிஷனருக்கோ பதிவுத் தபால்ல. பொதுத்தொல்லைக்கு பி.என்.எஸ். (பாரதிய நியாய சன்ஹிதா, புது தண்டனைச் சட்டம்) பிரிவு 292, அபராதம் அதிகபட்சம் 1,000 ரூபாய். ஒரு பந்திக்கு வாழையிலை வாங்கக்கூடக் காணாது! அதனால அதோட நிறுத்தாதீங்க. கோட்டாட்சியர்கிட்ட பி.என்.எஸ்.எஸ். (புது குற்றவியல் நடைமுறைச் சட்டம்) பிரிவு 152 படி மனு போடுங்க (பழைய சட்டத்துல பிரிவு 133). மண்டபத்துக்கே நிபந்தனை உத்தரவு போட அவருக்கு அதிகாரம் உண்டு.

மொட்டைமாடி: நான் ஒருத்தனே போடலாமா?

தாவா: போடலாம், ஆனா "தனிப்பட்ட தகராறு"ன்னு ஒதுக்கிடுவாங்க. அந்தப் பிரிவு பேசறது ஊர் மக்களோட உடல்நலம், நிம்மதி பத்தி. தெருவுல பத்து வீட்டுக் கையெழுத்து, கதவு எண்ணோட. முகூர்த்தத் தேதி வாரியாப் பட்டியல் ஒண்ணு. 100 மீட்டருக்குள்ள ஆஸ்பத்திரியோ பள்ளிக்கூடமோ இருந்தா அதை முதல் பத்தியிலயே எழுதுங்க, அமைதி மண்டலம்னு வாதாடலாம்.