சுரங்க வேலை: லயன்களுக்கு (தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) நேரத்துக்குச் செய்தி சேர்ப்பது எப்படி?

இலங்கை மலையகத்தில் கொட்டகலைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தை ஒட்டிய பழைய ரயில் சுரங்கத்தில் மூன்று வாரமாகப் பழுதுபார்ப்பு நடக்கிறது. 1880களில் வெட்டிய பாதை. உட்சுவரில் நீர் கசிகிறது, சாந்து உதிர்கிறது. வேலை அவசியமானது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் ரயில் ஓடாத இடைவெளியில்தான் துளையிட முடியும் என்பதால் நேரம் ஒவ்வோர் இரவும் மாறுகிறது. எங்கள் பிள்ளைகள் பள்ளிக்குக் குறுக்குவழியாக நடப்பதும் அதே சுரங்கத்தில்தான். போன செவ்வாய் விடிகாலையில் இரண்டு பிள்ளைகள் இயந்திரத்துக்கு அருகிலேயே போய்விட்டார்கள். இன்னும் நெஞ்சு பதறுகிறது.

ஒட்டிய அறிவித்தல் சிங்களத்தில் மட்டும் இருந்தது. தமிழில் எழுதி நானே ஒட்டினேன், மழையில் கரைந்தது. காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பிரட்டுக்களத்தில் சொன்னேன், கொழுந்து எடுப்பவர்களுக்கு மட்டுமே எட்டியது. வாட்ஸ்அப் குழுவும் தொடங்கினோம். மேல் லயத்தில் சிக்னல் கிடையாது, பெரியவர்களிடம் பட்டன் போன்தான். கோயில் ஒலிபெருக்கி மாலையில் உதவுகிறது, ஆனால் நேரம் முடிவாவதோ இரவு பத்து மணிக்குப் பிறகு.

இரவில் முடிவாகும் நேரத்தை, விடிவதற்குள் எல்லா லயன்களுக்கும் சேர்க்க உங்கள் தோட்டத்தில் பலன் தந்த வழி எது?