வேலூர் வெயிலுக்கு எந்த சோபா தாங்கும்?

சத்துவாச்சாரியில் முதல் மாடி வீடு. ஹால் 10க்கு 12 அடி, வாசல் அகலம் 32 அங்குலம். 2022-ல் வாங்கிய ரெக்சின் சோபா மூன்றாவது கோடையிலேயே உரிந்துவிட்டது. மேற்கு ஜன்னல் வெயில் நேராக அதன் மேல்தான் விழும். திரை மாற்றினோம். உறை தைத்துப் போட்டோம், நழுவிக்கொண்டே இருக்கிறது. குஷன் கடைக்காரர் மறுபடி ரெக்சினே போடச் சொல்கிறார், மனம் வரவில்லை. காட்பாடி ரோட்டில் பார்த்த எல் வடிவ சோபா அழகுதான், ஆனால் மாடிப்படித் திருப்பத்தில் ஏறாது.

அதைவிட முக்கியம், அம்மாவுக்கு முழங்கால் வலி. தாழ்வான சோபாவில் உட்கார்ந்தால் கைகொடுத்துத்தான் எழுப்ப வேண்டியிருக்கிறது. அதனால் 18 அங்குல உயரமும் உறுதியான கைப்பிடியும் கட்டாயம் வேண்டும். பட்ஜெட் 35,000 ரூபாய்.

தேக்குச் சட்டத்தில் தனிக் குஷன் வைத்ததா, துணி போட்ட மூன்று பேர் சோபாவா, எதை வாங்கலாம்?